ஒரு புருவம் பாக்கி

"உச்சு கொட்டினியா, இல்லையா? அதை மட்டும் சொல்லு!"

"ஐயோ, நான் கொட்டலைங்க!"

"அப்ப சுவரா கொட்டிச்சு?"

"கண்ணைத் திறக்காதீங்க, பவுடர் விழுந்துடும்..."

"விழட்டும்! மானமே விழுந்துடுச்சு, பவுடர் விழுந்தா என்ன?"

இரண்டாவது மாடிப் பார்லரின் நடு நாற்காலியிலிருந்து டீச்சரம்மா எழுந்து நின்றார். இடது புருவம் கோடு போட்டு வரைந்த மாதிரி வளைந்திருந்தது. வலது புருவம் யாரும் கை வைக்காத வேலி மாதிரி நாலு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்தது. கோபப்படுவதென்றால் இரண்டு புருவமும் ஒத்துழைக்க வேண்டும். ஒன்று கோபமாகவும் இன்னொன்று குழப்பமாகவும் இருந்தால், எதிரே நிற்பவருக்குச் சிரிப்புதான் வரும். ஓரத்து நாற்காலியில் தலைச்சாயம் காயக் காத்திருந்த மருந்துக்கடைக்காரர் மனைவிக்கு வந்தது. பத்திரிகையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டாள். நடந்ததெல்லாம் ஏற்ற இறக்கத்தோடு தெருவுக்கு வந்து சேர்ந்தது அவள் புண்ணியத்தில்தான்.

டீச்சரம்மா கழுத்தில் கட்டிய துணியைக்கூடக் கழற்றாமல் வெளியே போய் லிஃப்ட் பொத்தானை அழுத்தினார். லிஃப்ட் வரவில்லை. அது எப்போது வந்திருக்கிறது? இன்னும் இரண்டு தடவை அழுத்திவிட்டு, துணி பின்னால் பறக்க, படியில் இறங்கிப் போனார்.

பார்லர் அக்கா கையில் நூலோடு அப்படியே நின்றாள்.

அவளுக்குத் தெருவில் அதுதான் பெயர். அவளைவிட வயதில் மூத்தவர்களும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நம்முடைய புருவம் ஒருத்தி கையில் இருக்கும்போது மரியாதையைக் குறைக்க யாருக்குத் துணிச்சல் வரும்? கையில் என்றது சும்மா ஒரு பேச்சுக்கு. உண்மையில் தெருவிலுள்ள அத்தனை புருவமும் அவள் பல்லில்தான் இருந்தது. நூலின் ஒரு முனையை இடது கடைவாயில் கவ்விக்கொள்வாள். நடுவில் முறுக்கி, மிச்சத்தை விரல்களில் மாட்டி, தலையை முன்னும் பின்னும் ஆட்டுவாள். முறுக்கு ஓடுகிற வேகத்தில் முடி வேரோடு வந்துவிடும். சில பார்லர்களில் நூலைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு செய்வார்கள். "நான் என்ன மாடா, கழுத்துல கயிறு கட்டிக்க?" என்று அவள் அதை ஏற்கவில்லை.

நூல் பல்லில் இருக்கும்வரை பேச முடியாது. "ம்", "ம்ஹூம்" என்று இரண்டே பதில்தான். தெருவின் பாதி ரகசியம் அவளிடம் சேர்ந்ததற்கும் அதுதான் காரணம். குறுக்கே பேசாதவளிடம் மனிதர்கள் கொட்டாமல் வேறு யாரிடம் கொட்டுவார்கள்?

அன்றைக்கு டீச்சரம்மா புது வாடிக்கையாளராகத்தான் வந்து உட்கார்ந்தார். சுவரைப் பார்த்தார், சீப்பைப் பார்த்தார், பக்கத்து நாற்காலிக்காரிக்கு முடி வெட்டிக்கொண்டிருந்த அக்காவின் தங்கையைக் கொஞ்சம் அதிகமாகவே பார்த்தார். இடது புருவம் முடிந்து வலதுக்கு நூல் வந்த நேரம். இரண்டு கையாலும் நெற்றித் தோலை இழுத்துப் பிடித்தபடி, கண்ணை மூடிக்கொண்டே, விஷயத்துக்கு வந்தார்.

"ஏம்மா, நான் யாருன்னு தெரியலை இல்ல? இந்த பில்டிங் லிஃப்டைப் பாக்க ஒருத்தன் வருவானே, அவனோட அம்மா. உன் தங்கச்சியை அவனுக்குக் கேக்கலாம்னுதான் வந்தேன். முதல்ல மனுஷங்களைப் பாக்கணும்ல? பாத்துட்டேன், பிடிச்சிருக்கு. அப்பா அம்மா இல்லாத வீட்டுல நீதான் எல்லாம்னு சொன்னான். சொல்லு, என் பையனைப் பத்தி நீ என்ன நினைக்கிற?"

அக்கா பதில் சொல்வதற்காக நூலை விட வாயைத் திறந்தாள்.

"ட்ச்."

டீச்சரம்மா யார் தெரியுமா? கரும்பலகையில் எழுதிக்கொண்டே, திரும்பாமலே, கடைசி பெஞ்சில் உச்சு கொட்டியவன் யார் என்று சொல்லிப் பெயர் வாங்கினவர். அவர் காது தப்பாது என்று அவர் மாணவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். அப்பேர்ப்பட்ட காதுக்குப் பக்கத்தில், ஒரு சாண் தூரத்தில், பெற்ற பிள்ளையைப் பற்றிக் கேட்டதுமே "ட்ச்" என்று கேட்டால்?

லிஃப்ட்காரர் விவகாரம் தெருவுக்குப் புதிதல்ல. சின்னவள் பார்லரில் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அந்த லிஃப்டுக்கு உடம்பு சரியில்லாமலே போய்விட்டது. காலையில் சரிசெய்துவிட்டுப் போவார், சாயங்காலம் மறுபடி நிற்கும். பழுது பார்க்கிறவர் முகத்தில் எரிச்சலுக்குப் பதிலாகச் சிரிப்பு இருந்ததைக் கீழ்த்தளத்துக் காவலாளி முதல் எல்லாரும் கவனித்திருந்தார்கள். அக்காவும்தான்.

கடையை மூடியதும் சின்னவள் ஆரம்பித்தாள்.

"அவரைப் பிடிக்கலைன்னா என்கிட்ட சொல்லியிருக்கலாமேக்கா."

"பிடிக்கலைன்னு யாரு சொன்னா?"

"உன் வாயே சொல்லிச்சே! எனக்கே கேட்டுச்சு."

"என்ன?"

"கேட்டுச்சுன்னேன்! இதோ, இதான். உனக்கு வேண்டாத விஷயம்னா மட்டும் காது கேக்காது!"

அக்காவுக்கு உண்மையிலேயே கேட்கவில்லை. சின்னவள் நின்றது இடது பக்கம். அந்தக் காது கொஞ்ச நாளாகவே அடைத்துக்கொள்வதும், உள்ளே யாரோ விசில் அடிப்பது போல 'குய்ங்' என்று இழுப்பதுமாக இருந்தது. நெற்றிப்பொட்டில் வேறு ஒரு வலி. முடி உலர்த்தும் மிஷின் சத்தம்தான் காரணம் என்று மிஷினை மாற்றினாள். மூக்குக் கண்ணாடி மாற்றினாள், தலையணை மாற்றினாள். காதில் வெதுவெதுப்பாக எண்ணெய் விட்டுப் பஞ்சு அடைத்துக்கொண்டாள். தங்கையிடம் சொல்லவில்லை. காது போய்க்கொண்டிருக்கிறது என்றுதான் நினைத்தாள். காது போன பார்லர்காரியிடம் யார் வந்து ரகசியம் சொல்வார்கள்? ரகசியத்தைக் கத்தியா சொல்ல முடியும்?

ஆனால் அன்றைக்கு அவளைப் பிடுங்கித் தின்றது காதுவலி அல்ல. நான்தான் கொட்டினேனோ என்ற சந்தேகம். நாக்கு மேலே ஒட்டின ஞாபகம் இல்லை. கொட்ட வேண்டும் என்று நினைக்கவும் இல்லை. ஆனால் மனசுக்குள் எங்கேயோ ஒரு 'ட்ச்' இருந்தது உண்மைதானே? 'உன் தங்கச்சியைக் கேக்கலாம்னு' என்ற அந்த வார்த்தை காதில் விழுந்தபோது உள்ளே ஏதோ சுருண்டதே, அது என்ன?

சின்னவள் பேச்சை நிறுத்தினாள். ஒரே அறையில் வேலை செய்கிறவர்கள் பேசாமல் இருப்பது லேசா? வாடிக்கையாளர்கள் தபால்காரர்கள் ஆனார்கள்.

"அவங்ககிட்ட பவுடர் தீந்துபோச்சுன்னு சொல்லுங்க."

"பவுடர் அலமாரிக்குப் பின்னாடி இருக்குன்னு அவகிட்ட சொல்லுங்க."

நடுவில் மாட்டிய மருந்துக்கடைக்காரர் மனைவி, "எனக்கு முடி வெட்டப்போறீங்களா, இல்ல தூது போகவா வந்தேன்?" என்றாள். ஆனால் மறுநாளும் வந்தாள். வெட்ட முடி இருந்ததா என்பது வேறு விஷயம்.

சண்டை நீள நீள அக்காவுக்கு வலி ஏறியது. ஒரு காலையில் ரொட்டித் துண்டைக் கடிக்கப் போனவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். சின்னவள் பார்த்தாள். கோபம் ஒரு பக்கம் இருந்தாலும் கால் சும்மா இருக்கவில்லை. செருப்பை மாட்டினாள். சுவரைப் பார்த்து, "டாக்டர்கிட்ட போறேன், வர்றவங்க வரலாம்" என்றாள். அக்கா பின்னால் போனாள்.

காது டாக்டரம்மா நெற்றியில் விளக்கு மாட்டிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

"எண்ணெய் விட்டீங்களா?"

"லேசா."

"லேசாவா? ஒரு சைக்கிள் செயினுக்குப் போதுமே!" துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். காது கேட்கும் அளவையும் சோதித்தார். "காதுல ஒரு குறையும் இல்ல. நல்லாவே கேக்குது."

"அப்ப வலி பொய்யா டாக்டர்?"

"வலி நிஜம். விலாசம்தான் தப்பு." இரண்டு காதுக்கும் முன்னால் விரல்களை வைத்தார். "வாயைத் திறங்க."

"ட்ச்."

சின்னவள் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தாள். "இதேதான்! டாக்டர், இதே சத்தம்தான்! இவ உச்சு கொட்டினான்னு கல்யாணமே நின்னுபோச்சு!"

டாக்டரம்மா எத்தனையோ நோயாளிகளைப் பார்த்திருப்பார். ஆனால் மூட்டுச் சத்தத்தால் கல்யாணம் நின்ற கேஸ் அதுதான் முதல் தடவை. முழுக் கதையையும் கேட்டுவிட்டுத்தான் வைத்தியத்துக்கு வந்தார். அவருக்கும் நம்ம தெரு குணம்தான்.

"தாடை மூட்டுக்குள்ள சின்ன மெத்தை மாதிரி ஒண்ணு இருக்கு. அது கொஞ்சம் நழுவியிருக்கு. வாயைத் திறக்கும்போது மறுபடி இடத்துல போய் உக்காருது, அதுதான் அந்தச் சத்தம். காதுக்கும் இந்த மூட்டுக்கும் நடுவுல ஒரே சுவர். பக்கத்து வீட்டுல சண்டைன்னா நம்ம வீட்டுல தூக்கம் போகுமா போகாதா? அதான் காது அடைக்குது, விசில் அடிக்குது."

"தலைவலி?"

"நெத்திப்பொட்டுல விரலை வெச்சு, பல்லைக் கடிச்சுப் பாருங்க."

அக்கா கடித்தாள். விரலுக்கு அடியில் ஏதோ புடைத்து அடங்கியது. தன் தலைக்குள் இப்படி ஒரு வேலை நடப்பதே அவளுக்குத் தெரியாது.

"மெல்லுற தசை அதுவரைக்கும் விரிஞ்சு போகுது. அதுக்கு ஓய்வே இல்லைன்னா வலிக்காம என்ன பண்ணும்? என்ன வேலை பாக்கறீங்க?"

அக்கா பையிலிருந்து நூலை எடுத்துக் கவ்விக் காட்டினாள். டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். "சரி, நூல் இல்லாத நேரத்துல? பல்லைக் கடிக்கிற பழக்கம் உண்டா?"

அக்கா 'ம்ஹூம்' என்று சொல்ல வாயெடுப்பதற்குள் சின்னவள் முந்திக்கொண்டாள். "தூங்கும்போதே நறநறன்னு கடிப்பா டாக்டர். எங்கப்பா அம்மா போனப்ப வந்தவங்க எல்லாரும், 'தங்கச்சி சின்னப்பொண்ணு, பல்லைக் கடிச்சுக்கிட்டு சமாளிச்சுக்கோம்மா'ன்னு சொல்லிட்டுப் போனாங்க. இவ அதை அப்படியே எடுத்துக்கிட்டா போல. இன்னும் விடலை."

அக்கா ஜன்னலைப் பார்த்தாள்.

டாக்டரம்மா மேசையில் இருந்த காகிதங்களை அடுக்கினார், கலைத்தார், மறுபடி அடுக்கினார். பிறகு சொன்னார்: கொஞ்ச நாள் மெத்தென்ற சாப்பாடு. கன்னத்தில் வெந்நீர் ஒத்தடம். கொட்டாவியைக்கூட அளவாக விட வேண்டும். தூக்கத்தில் பல் உரசாமலிருக்கப் பல் டாக்டரிடம் ஒரு உறை செய்து வாங்கிக்கொள்ள வேண்டும். நூலுக்கும் பல்லுக்கும் இனி சம்பந்தமே கூடாது.

"வலி குறையும். சத்தம் அப்பப்ப வரும், பயப்பட வேண்டாம். ஒண்ணே ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க. சும்மா இருக்கும்போது உதடு சேரலாம், பல்லு சேரக் கூடாது."

வெளியே வந்ததும் சின்னவள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "காது போயிடுமோன்னு தனியா பயந்துக்கிட்டு இருந்தியா?"

"என்ன?"

"அக்கா, நான் வலது பக்கம் நிக்கிறேன்!"

"கேட்டுச்சு, கேட்டுச்சு. இன்னொரு தடவை சொல்ல மாட்டியான்னுதான்."

தங்கை சமாதானமாகிவிட்டாள். டீச்சரம்மா? லிஃப்ட்காரர் தினமும் கவலைக்கிடமான செய்தியாகக் கொண்டுவந்தார். "அம்மா வெளியவே வர்றதில்லைக்கா. வேற பார்லருக்குப் போனா, 'யாரு பாதியில விட்டது'ன்னு கேப்பாங்களாம். அதனால போக மாட்டாங்களாம். வீட்டுக்குள்ளயும் கறுப்புக் கண்ணாடிதான். கண் ஆபரேஷன்னு எங்க தெருவுல ஒரு பேச்சு. நேத்து ஒருத்தங்க பழம் வாங்கிட்டு வந்துட்டாங்க."

அக்கா நூல்கண்டையும் பவுடரையும் பையில் போட்டுக்கொண்டு தனியாகக் கிளம்பினாள். சின்னவள் கூட வருகிறேன் என்றாள். வேண்டாம் என்றுவிட்டாள்.

கதவு பாதி திறந்தது. கறுப்புக் கண்ணாடி எட்டிப் பார்த்தது.

"என்ன, மிச்சம் மீதியையும் கொட்டிட்டுப் போலாம்னு வந்தியா?"

"விரலைக் குடுங்க டீச்சர்."

"எதுக்கு?"

"குடுங்களேன்."

கேள்வி கேட்டே பழகினவர், பதில் தெரியாமல் விரலை நீட்டினார். அக்கா அதைத் தன் காதுக்கு முன்னால் வைத்து, வாயைத் திறந்தாள்.

"ட்ச்."

டீச்சரம்மா விரலை எடுக்கவில்லை. "இன்னொரு தடவை."

"ட்ச்."

"நாக்கை வெளிய நீட்டிக்கிட்டுப் பண்ணு. ம். மெதுவா. இப்ப மூடு." கண்ணாடியைக் கழற்றினார். பரீட்சைத் தாளில் தான் போட்ட மதிப்பெண்ணைத் தானே அடிக்க நேர்ந்த முகம். "அன்னிக்கும் இதுவா?"

அக்கா டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னாள். டீச்சரம்மா சோபாவில் உட்கார்ந்தார். அவர் காது இப்போதும் தப்பவில்லைதான். ஆளைச் சரியாகப் பிடித்திருந்தது. உறுப்பில்தான் தவறிவிட்டது.

"சரி. அது உன் பதில் இல்லை. அப்ப உன் பதில் என்ன? இப்பத்தான் பல்லுல நூல் இல்லையே, வாயைத் திறந்து சொல்லு."

அக்காவுக்கு 'ம்' என்று சொல்லிவிட்டுத் தப்பிக்கத் தோன்றியது. சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். கல்யாணத்துக்கு அதுவே போதும். ஆனால் அத்தனை நாள் சந்தேகத்தோடு படுத்து எழுந்தவளுக்கு அது போதவில்லை.

"தம்பி தங்கமான மனுஷன் டீச்சர். குறை சொல்ல ஒண்ணுமில்ல. ஆனா... சத்தம் தாடையோடதுதான். நினைப்பு என்னோடதுதான். உள்ளுக்குள்ள நான் உச்சு கொட்டினேன். அவர் மேல இல்ல. அவ போயிட்டா, கடையைப் பூட்டிட்டு வீட்டுக்குப் போய் நான் யார்கூட சண்டை போடுவேன்?"

சொல்லி முடித்ததும் தலையைக் குனிந்துகொண்டாள். இனி இந்தச் சம்பந்தம் அவ்வளவுதான் என்று நினைத்தாள். உண்மையைச் சொல்லித் தங்கையின் வாழ்க்கையில் மண்ணைப் போட்டுவிட்டேனே என்று பல்லைக் கடிக்கப் போனவள், டாக்டரம்மா சொன்னது ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டாள். உதடு சேரலாம். பல்லு கூடாது.

"இவ்வளவுதானா?" என்றார் டீச்சரம்மா.

"இது போதாதா?"

"அடி பைத்தியமே. எனக்கு மட்டும் என்னவாம்? ஒரு வகுப்பையே திட்டிப் பழகின வாய் இது. ரிட்டையர் ஆனதுக்கப்புறம் அந்த ஒருத்தன்தான் பாக்கி. அவனும் போயிட்டா நான் காலையில எழுந்து யாரைத் திட்டுவேன்? அந்தக் கவலையோடதான் உன் கடைப் படி ஏறினேன். பயந்துக்கிட்டே வந்தவளுக்குக் எதைக் கேட்டாலும் உச்சு மாதிரிதான் கேக்கும்."

பிறகு டீச்சரம்மா தலையைச் சோபாவில் சாய்த்து, இரண்டு கையாலும் நெற்றித் தோலை இழுத்துப் பிடித்தார்.

"வந்த வேலையை முடி. கண் ஆபரேஷன்னு நாளைக்கும் எவளாவது பழத்தைத் தூக்கிக்கிட்டு வந்துடப்போறா."

அக்கா வாழ்க்கையில் முதல் தடவையாக நூலைக் கழுத்தில் சுற்றிக்கொண்டாள். மாடுதான், பரவாயில்லை. பழகாத கழுத்து இடம் வலம் தெரியாமல் ஆடியது. டீச்சரம்மா, "ஸ்... மெதுவா... தோலை விட்டுட்டு முடியை மட்டும் எடும்மா!" என்று பாடம் நடத்திக்கொண்டே இருந்தார். வலது புருவம் கடைசியில் வளைந்தது, ஆனால் இடதைவிட ஒரு நூல் உயரமாக. கண்ணாடியில் பார்த்தால், யாரையோ எப்போதும் கேள்வி கேட்பது போல ஒரு முகம். "நல்லாத்தான் இருக்கு. என் முகமே இதுதான்" என்றார் டீச்சரம்மா. கல்யாணப் படத்தில் அந்தப் புருவம் இன்றைக்கும் அப்படியே கேட்டுக்கொண்டிருக்கிறது.

ஆமாம், கல்யாணம் நடந்தது. பதிவு அலுவலகத்தில், நாலு பேர் முன்னிலையில். மருந்துக்கடைக்காரர் மனைவி சாட்சிக் கையெழுத்துப் போட்டாள். இவ்வளவு பார்த்தவளுக்கு அந்த உரிமைகூட இல்லையா?

கொஞ்ச நாளில் கம்பெனி மாப்பிள்ளையை உயரமான கட்டடங்கள் அதிகமுள்ள வேறொரு ஊருக்கு மாற்றியது. சின்னவள் கூடவே போய் அங்கே சொந்தமாக ஒரு பார்லர் போட்டிருக்கிறாள். நூல் கழுத்தில்தான். தினமும் போன் வரும். அக்கா வலது காதிலும் பேசுகிறாள், இடது காதிலும் பேசுகிறாள்.

ஆனால் தெரு வாயைப் பிளந்தது அதற்கில்லை. பிள்ளையும் மருமகளும் எவ்வளவோ கூப்பிட்டும் டீச்சரம்மா போகவில்லை. வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, பெட்டி படுக்கையோடு நேராக அக்கா வீட்டில் சின்னவள் விட்டுப்போன அறைக்கு வந்துவிட்டார். மருமகளோடு சண்டை போடும் மாமியாரை ஊர் பார்த்திருக்கிறது. மருமகளின் அக்காவோடு சண்டை போடுவதற்காகவே குடிவந்த மாமியாரை யார் பார்த்திருக்கிறார்கள்? காலையில் ஆரம்பித்தால் தெருமுனைவரை கேட்கும். "சம்பந்தி, பல்லைக் கடிக்காதே!" "சம்பந்தி, நீங்க என்னைக் கடிக்காம இருந்தா போதும்!" நடுவில் எப்போதாவது அந்த "ட்ச்" வரும். உடனே டீச்சரம்மாவின் வலது புருவம் இன்னும் ஒரு நூல் ஏறும்.

"இது தாடையா, நீயா?"

"பாதி பாதி."

இன்னொன்று. மாப்பிள்ளை மாற்றலாகிப் போன நாளிலிருந்து அந்தக் கட்டடத்து லிஃப்ட் ஒரு தடவைகூட நின்றதில்லை.